நாற்பத்துமூன்றாவது சென்டிமீட்டர்

என் தம்பிக்கு ஒரே ஒரு தேதிதான் தேவைப்பட்டது. நாற்பத்தாறு வயதில் ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வுக்கும் போய்விட்டு வந்திருந்தான். தேர்வாளர்கள் இரண்டு பேரும் ஆறு மாத அவகாசம் கொடுத்து, திருத்த வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு அனுப்பினார்கள். பட்டியலில் முதலாவது அந்தத் தேதி. அது கிடைத்தால் அவனுடைய நான்காம் அத்தியாயம் நிற்கும். கிடைக்காவிட்டால் ஏழு வருடமாக அவன் சொல்லி வந்தது வெறும் ஊகம்.

அவன் படித்தது சேற்றை. வடக்கே துருவத்துப் பக்கம் பனியாறுகள் குடைந்து வைத்த ஆழமான பள்ளங்களுக்குள் கடல் புகுந்து கிடக்கும். அதை ஃபியோர்ட் என்கிறார்கள். அதன் அடியில் வருடாவருடம் மெல்லிய சேறு படிகிறது. கப்பலிலிருந்து நீளமான குழாயை இறக்கி அந்தச் சேற்றை அப்படியே எடுத்து, ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி, நெடுக்குவாட்டில் பிளந்து வைக்கிறார்கள். அதற்குப் பெயர் கோர். மேலே இருப்பது புதிது, கீழே இருப்பது பழையது. பனியாறு முன்னேறிக் கடலைத் தொட்ட காலத்தில், உடைந்து மிதந்த பனிக்கட்டிகள் சுமந்து வந்து போட்ட சிறு கற்கள் சேற்றுக்குள் இருக்கும். பின்வாங்கிய காலத்தில் கற்கள் இல்லை. நாட்குறிப்பு எழுதுகிற எனக்கு இது விளங்க ஒரு மாலை நேரம் போதுமாயிருந்தது.

தம்பியின் கோரில், மூன்றாவது துண்டில், நாற்பத்தாறாவது சென்டிமீட்டரிலிருந்து கீழே ஒரு சரிவு இருந்தது. பள்ளத்தின் பக்கச் சுவர் ஒருநாள் இடிந்து விழுந்து, ஒரு பிற்பகலுக்குள் இரண்டு சாண் சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. வருடங்களை எண்ணுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. அந்த இரண்டு சாணைக் காலக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குள் இருக்கும் பழைய கடலுயிர் ஓடுகளை நம்பவும் கூடாது. சரிவுக்குச் சற்று மேலேதான் கற்கள் நிறையத் தொடங்கின. அதாவது பனியாறு முன்னேறியது. எப்போது? தேம்ஸ் உறைந்து, ஜனங்கள் அதன் மேல் சந்தை போட்ட அந்தக் குளிர் நூற்றாண்டுகளிலா, அதற்கும் வெகு முன்னாலா? வெகு முன்னால் என்பதுதான் தம்பியின் வாதம். சரிவுக்குக் கீழே எடுத்த ஒரு தேதி ஏற்கெனவே அவனிடம் இருந்தது. மேலே, நாற்பத்துமூன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை, இன்னொன்று வேண்டும்.

அந்த ஆழத்துச் சேற்றைக் கழுவி, அரித்து, அதிலுள்ள மிகச் சிறிய கடலுயிர் ஓடுகளைப் பொறுக்கி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் அவர்கள் கார்பனை அளந்து வயது சொல்வார்கள். அதற்கான செலவுக்கு அவனுடைய துறை ஒருமுறைதான் ஒப்புக்கொண்டது.

இதில் நான் எப்படி வந்தேன் என்றால், கோர்களை வைத்திருக்கும் குளிர் அறை வாரநாட்களில் பத்து மணி முதல் நான்கு மணி வரைதான் திறந்திருக்கும். தம்பிக்கு உதவித்தொகை முடிந்து, லண்டனில் அப்டன் பார்க் பக்கம் ஒரு மொத்தக் கடையின் பண்டகசாலையில் பகல் ஷிப்ட். நான் எட்மண்டனில் ஒரு மருந்துக் கடையில் மருந்து எடுத்து வைக்கிற வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைத்திருந்தேன். அளப்பது, எண்ணுவது, ஒட்டுத்துண்டில் எழுதுவது இவையெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். பல்கலைக்கழகத்தில் என்னைத் தன்னார்வலர் என்று பதிந்து, கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும் கொடுத்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் யார் எந்த நாளில் வந்து இறங்கினார்கள், யாருக்கு எப்போது விசா கிடைத்தது, எந்த வீட்டில் எத்தனை மாதம் இருந்தோம் என்பதெல்லாம் என் குறிப்புப் புத்தகங்களில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் வரும். தம்பிக்கு அதில் எப்போதும் ஒரு கேலி.

"அக்கா பிறந்த உடனை அழேல்லை. மணிக்கூட்டைப் பாத்து நேரத்தை எழுதிப்போட்டுத்தான் அழுதவ."

"உனக்கு நாலு வயசில அம்மை போட்டது எண்டைக்கெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரியாமலே உயிரோடதானே இருக்கிறன்."

நவம்பர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. குளிர் அறையில் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு நின்றேன். அறைப் பொறுப்பாளர், எப்போதும் கம்பளித் தொப்பியோடு இருக்கும் ஒரு ஆங்கிலேயர், மூன்றாவது துண்டை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். அந்தக் கோருக்குரிய பழைய தாளையும் கொடுத்திருந்தார். கப்பலில் வைத்து யாரோ பென்சிலால் எழுதிய தாள். சேற்று அடுக்குகளின் படம், ஆழம், நிறம், தேதி, கிழமை.

கிழமையைப் பார்த்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிறகு கைபேசியிலும் பார்த்தேன். தாளில் செவ்வாய் என்று எழுதியிருந்தது. அந்தத் தேதி புதன்கிழமை. இன்னும் மூன்று தாள்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் கிழமை ஒருநாள் பின்னால் நின்றது. ஒரு பயணம் முழுவதும் நாள் தெரியாமல் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அந்த நேரம் எனக்குள் எழுந்த திருப்தியை இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

குழாயைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்தேன். மேல் விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சேறு. தாளில் வரைந்திருந்த படத்தில் அப்படி வெற்றிடம் எதுவும் இல்லை; பூச்சியத்திலேயே சேறு தொடங்கியது. கிழமையைக்கூடச் சரியாக எழுதத் தெரியாதவர் வெறுங் குழாயையும் சேறென்று எண்ணிவிட்டார் என்று முடிவு செய்தேன். சேறு தொடங்கும் இடத்தில் அளவு நாடாவை வைத்தேன். அங்கிருந்து நாற்பத்துமூன்று, நாற்பத்தைந்து. கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். சரிவின் மேற்பகுதி மெல்லிய சேறுதான். எக்ஸ்ரேயில்தான் தெரியும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான்.

அவனுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். ஷிப்டில் போனை லாக்கருக்குள் வைத்துவிட வேண்டும். மூன்றரை மணி ஆகியிருந்தது. என் புத்தகத்தில் "சேறு தொடங்கும் இடத்திலிருந்து அளந்தேன்" என்று எழுதினேன். கரண்டியால் சேற்றை எடுத்துப் பைக்குள் போட்டு, மேலே ஆழத்தை எழுதி ஒட்டினேன்.

அன்று மாலை தம்பி வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றான்.

"எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு."

"நாப்பத்துமூண்டு, நாப்பத்தைஞ்சு?"

"ஓம்."

நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது பொய்யில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துவிட்டு, அளந்த விதத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சோபாவில் கண்ணயர்ந்துவிட்டான். பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பிறகு சொல்ல வேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை. பிழையைத் திருத்தியவள் அல்லவா நான்.

கழுவி, அரித்து, காய வைத்த மண்ணைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பல்கலைக்கழகத்தில் அவனுடைய சூப்பர்வைசர் ஒரு பழைய நுண்நோக்கியையும் தந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து, கண்மை போடுகிற அளவு மெல்லிய தூரிகையை நனைத்து நனைத்து, ஒவ்வொரு ஓடாகத் தொட்டு எடுக்க வேண்டும். உப்புத் தூளைவிடச் சிறிய சங்குகள். சில சுருள், சில அவரை விதை மாதிரி. ஆய்வகம் கேட்ட எடைக்குப் பல நூறு வேண்டும். இந்த ஃபியோர்டில் ஓடுகள் அருமை, ஒரு மாதம் பிடிக்கும் என்று பயமுறுத்தியிருந்தான். எனக்கு ஒன்பது நாளில் முடிந்துவிட்டது.

நுண்நோக்கியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு, என்ன?"

"கிடைக்காட்டியும் குறை சொல்லுவாய், கிடைச்சாலும் குறை சொல்லுவாய்."

"இல்லை, நான் நினைச்சதை விட..."

"பொறுக்கினது என்ர கண். உனக்கு வலிக்குதோ?"

அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். இரண்டு பேருமே அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். அவன் ஷிப்ட் முடிந்து வந்தவன். நான் என் கெட்டித்தனத்தில் மயங்கி இருந்தேன்.

ஓடுகள் ஆய்வகத்துக்குப் போன பிறகு ஒன்பது வாரம் காத்திருந்தோம். ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. மேலே எடுத்த மாதிரிச் சேறு, சரிவுக்குக் கீழே எடுத்ததைவிடப் பல நூறு ஆண்டுகள் பழையது. மேலே இருப்பது பழையது, கீழே இருப்பது புதியது. அப்படி இருக்க ஏலாது. ஏதோ ஒன்று பிழை.

சூப்பர்வைசர் நிதானமானவர். இரண்டில் ஒன்றை நம்ப முடியாதென்றால் இரண்டையும் நம்ப முடியாது, கீழே எடுத்த பழைய தேதியையும் கைவிட்டு, அத்தியாயத்தின் வாதத்தை நீக்கி எழுதுவது நல்லது என்று மின்னஞ்சல் அனுப்பினார். பிப்ரவரி முதல் ஞாயிறு தம்பி என் வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான்.

"நாலாம் அத்தியாயத்தை வெட்டப்போறன்."

"முழுக்கவோ?"

"முழுக்கத்தான். வேற என்ன செய்யிறது? கல் இருக்கு. காலம் இல்லை."

"உன்ர கீழ்த் தேதி பிழையில்லை எண்டு நீதானே சொன்னனீ."

"சொன்னனான். இப்ப ஆர் நம்பப்போறாங்கள்? எனக்கே நம்பிக்கை இல்லை."

கையைக் கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான்.

அவன் போன பிறகு, அத்தியாயத்தை வெட்டத் தொடங்கிய நாளைக் குறித்து வைக்கப் புத்தகத்தை எடுத்தேன். மாதிரி எடுத்த நாளையும் பக்கத்தில் எழுதலாம் என்று நவம்பர் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து. சேறு தொடங்கும் இடத்திலிருந்து அளந்தேன்.

உடனே போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது, இரண்டு நாள் காத்திருந்து, செவ்வாய்க்கிழமை குளிர் அறைக்குப் போய் என் பக்கம் நியாயம் தேடியதுதான். வழி முழுக்க, லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போதும், அந்த வெற்றிடத்துக்கு வேறு காரணம் இருக்காது, இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பொறுப்பாளரிடம் கேட்டேன். தொப்பியைச் சற்று மேலே தள்ளிவிட்டு ஒரு பதிவேட்டை எடுத்தார். மூன்றாவது துண்டு, பூச்சியம் முதல் மூன்று சென்டிமீட்டர்: பல வருடங்களுக்கு முன் வேறொரு மாணவி மகரந்தம் பார்க்க வெட்டி எடுத்துப் போயிருக்கிறாள். கையெழுத்து இருந்தது. அப்படி எடுத்த இடத்தில் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று வைப்பது வழக்கம், எப்போதோ விழுந்திருக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்றார். எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. சும்மா கேட்டேன் என்றேன்.

ஆகவே தாள் சரி. குழாயின் விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். நான் எடுத்தது நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தெட்டு. சரிவின் உள்ளிருந்து. பக்கச் சுவரில் எந்தக் காலத்திலிருந்தோ கிடந்து, இடிந்து வந்த சேற்றிலிருந்து. அதனால்தான் அத்தனை ஓடுகள். ஆழமில்லாத தண்ணீரில் அவை தாராளமாக வளரும்.

அங்கிருந்து நேரே தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவன் வேலையிலிருந்து வந்து கைலியோடு இருந்தான். புத்தகத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். வாசித்தான். திரும்ப வாசித்தான்.

"எங்க இருந்து அளந்தனீங்கள்?"

"அதில எழுதியிருக்குத்தானே."

"நீங்கள் சொல்லுங்கோ. உங்கட வாயால சொல்லுங்கோ."

"சேத்தில இருந்து. மேல மூண்டு சென்டிமீட்டர் வெறுமையா இருந்தது. ஆரோ முந்தி எடுத்திருக்கினம். எனக்குத் தெரியாது."

"தாள் குடுத்தவைதானே. தாளில பூச்சியம் எங்கயெண்டு இருந்தது?"

"விளிம்பில. ஆனா அந்தத் தாள் எழுதின ஆள் கிழமையையே பிழையா எழுதியிருந்தது. நாலு தாளிலயும். நான் பாத்தனான்."

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"கிழமை பிழையெண்டா அளவும் பிழையோ அக்கா? கப்பல்ல மூண்டு வாரம், இரவிலயும் வெளிச்சம் அணையாத இடம். செவ்வாயென்ன, புதனென்ன. அந்தாளுக்கு நாள் தெரியாது. சென்டிமீட்டர் தெரியும்."

"நான் உனக்குப் போன் எடுத்தனான். ரெண்டு தரம்."

"மூண்டாந்தரம் எடுத்திருக்கலாம். பின்னேரம் சொல்லியிருக்கலாம். நவம்பர், டிசம்பர், ஜனவரி. எத்தினை ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கட வீட்டில சாப்பிட்டனான்? நீங்கள்தானே எண்ணுறனீங்கள், எண்ணிச் சொல்லுங்கோ."

எண்ணினேன். பதினொன்று.

"சரி," என்றான் கடைசியில். "ஒரு நல்ல விஷயம். கீழ்த் தேதி தப்பியிட்டுது."

சூப்பர்வைசருக்கு அன்றே எழுதினான். கீழ்த் தேதி நிற்கலாம், ஆனால் மேலே ஒன்று இல்லாமல் வாதம் அரைவாசிதான் என்று பதில் வந்தது. அவகாசம் ஏப்ரல் கடைசியோடு முடிகிறது. இன்னும் சில வாரம் கேட்டு விண்ணப்பம் போட்டான். அந்தப் படிவத்தில் காரணத்துக்குக் கட்டங்கள் இருந்தன: சுகவீனம், குடும்பத்தில் மரணம், பிரசவம், கருவி பழுது. எதிலும் நாங்கள் அடங்கவில்லை. "மற்றவை" என்ற கட்டத்தில் டிக் போட்டு மாதிரி எடுத்ததில் பிழை என்று எழுதினான். மறுத்துவிட்டார்கள். மாதிரி எடுப்பது மாணவருடைய பொறுப்பு என்று ஒரே வரி.

இரண்டாவது தேதிக்குத் துறை ஒப்புக்கொள்ளுமா என்று சூப்பர்வைசர் விசாரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஓடுகள் கையில் இருந்தால் கேட்பது சுலபம் என்றார். ஆகவே ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு தம்பியே என்னோடு குளிர் அறைக்கு வந்தான். நாடாவின் நுனியை அவன் குழாயின் விளிம்பில் பிடித்தான். மறு நுனி என் கையில்.

"நாப்பத்துமூண்டு," என்றேன்.

"திரும்பப் பாருங்கோ."

"நாப்பத்துமூண்டு."

"எங்க இருந்து?"

"உன்ர பெருவிரலில இருந்து. அசையாமப் பிடி."

நான் நவம்பரில் தோண்டிய குழிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, அந்த அடுக்கில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்தோம். பிளந்த மறுபாதி பாதுகாப்பு அறையில் இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது.

இந்த முறை மண்ணில் அநேகமாக ஒன்றுமே இல்லை. கற்கள் இருந்தன, நிறைய. பனிக்கட்டிகள் போட்ட அதே கற்கள். ஓடுகள்தான் இல்லாத மாதிரி. பனியாறு கிட்ட வந்து குளிர்ந்த கலங்கல் தண்ணீரைக் கொட்டுகிறபோது அந்த உயிர்கள் வாழாது என்று தம்பி விளக்கினான். அவன் நிரூபிக்க விரும்பியதே அவனுக்குத் தேவையானதை அழித்திருந்தது. ஒரு மாலை முழுக்கக் குனிந்திருந்தால் ஏழு, எட்டு. ஒருநாள் மூன்று. உடைந்த துண்டுகளையும் எடுக்கலாமா என்று கேட்டேன். எடுக்கலாம் என்றான். ஓடு மாதிரித் தெரிந்த ஒரு மணற்பரலோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டிய நாளும் உண்டு. மருந்துக் கடையில் பெட்டிகளின் சின்ன எழுத்துகள் மங்கத் தொடங்கின. மேலாளர் கண்ணாடியை மாற்றச் சொன்னார்.

மார்ச் முழுவதும் பொறுக்கினேன். சூப்பர்வைசரின் அறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, வேண்டிய எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மண்ணும் முடிந்துவிட்டது.

"போதும், விடுங்கோ அக்கா," என்றான் தம்பி.

"கழுவின தண்ணியில போயிருக்குமோ?"

"அரிச்சது நான். போகேல்லை. அதில இல்லை, அவ்வளவுதான்."

அத்தியாயத்தை அவன் வெட்டவில்லை. மாற்றி எழுதினான். முன்பு "முன்னேறியது" என்று இருந்த இடங்களில் எல்லாம் "முன்னேறியிருக்கலாம்" என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் திருத்தினான். என்னிடம் வாசிக்கத் தந்தான். பிழையான தேதி அட்டவணையில் அப்படியே இருந்தது, சரியான ஆழத்தோடு, இது சரிவுக்குள் எடுக்கப்பட்டது என்ற அடிக்குறிப்போடு. யார் எடுத்தது, எப்படித் தவறியது என்று எதுவும் இல்லை.

"இதை விளக்கமா எழுது," என்றேன். "தன்னார்வலர் ஒருவர் குழாயின் விளிம்பை விட்டுச் சேற்றிலிருந்து அளந்தார் எண்டு."

"ஏன்?"

"நடந்தது அதுதானே."

"இது பனியாற்றைப் பற்றின புத்தகம் அக்கா. உங்களைப் பற்றினதில்லை."

அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்க விடவில்லை.

ஜூன் மாதம் பட்டம் உறுதியான கடிதம் வந்தது. ஒரு சனிக்கிழமை பகல் அவன் வீட்டில் சாப்பாடு. அவனோடு பண்டகசாலையில் வேலை செய்கிற, மன்னார்ப் பக்கத்து அண்ணை ஒருவரும் வந்திருந்தார். இறைச்சிக் கறியைப் போட்டுக்கொண்டே தம்பியைக் கேட்டார்.

"சரி டொக்டர், இவ்வளவு காலமும் சேத்தைக் கிண்டி என்னதான் கண்டுபிடிச்சனீர்? எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும் பாப்பம்."

"அந்தப் பனியாறு, எல்லாரும் நினைக்கிற குளிர் காலத்துக்கு முதலே முன்னுக்கு வந்திருக்கலாம், அண்ணை."

"வந்திருக்கலாமோ? ஏழு வருசம் படிச்சும் இருக்கலாமோ?" அவர் மேசையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "இதை நான் படிக்காமலே சொல்லியிருப்பனே."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

"இன்னும் ஒரு தேதி வேணும் அண்ணை. அது கிடைக்கேல்லை."

"ஏன் கிடைக்கேல்லை?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"அக்கா," என்றான் தம்பி, என்னைப் பார்க்காமலே, "அண்ணைக்குச் சோறு போடுங்கோ."

போட்டேன்.